தமிழ் எண்ணில் ஆண்டு எழுதும்போது

மயிலாப்பூரில் அக்கா வீடு கட்டி முடித்தபோது, வாசல் கல்லில் 2019 என்பதைத் தமிழ் எண்ணில் பொறிக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தது நான். கல் ௨௲௧௰௯ என்று வெட்டி வந்தது. தவறு என்னுடையது, வேறு கல் வாங்க வேண்டியதாயிற்று.

பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. ஒரே ஒரு பத்து, ஒரே ஒரு நூறு என்றால் குறி மட்டும் போதும். முன்னால் ௧ வராது. ஆக 2019 என்பது ௨௲௰௯. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட 1913, ௲௯௱௰௩.

பள்ளியில் படித்த ரோமன் எண் இங்கே குறுக்கே வரும். அதில் பெரிய குறிக்கு முன்னால் சிறியது வந்தால் கழிக்க வேண்டும். தமிழில் முன்னால் வந்தால் பெருக்கல், பின்னால் வந்தால் கூட்டல். ௨௰ எட்டு இல்லை, இருபது.

நிறையப் பேர் சறுக்குவது ஒன்பதில்தான். மற்ற எண்களை வாயால் சொல்கிறபடியே எழுதிவிடலாம்: இருபத்து நான்கு, ௨௰௪. ஆனால் தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' ஒலிக்கிறது. காதை நம்பினால் ௯௱, ௯௲ என்று எழுதிவிடுவோம்; அவை தொள்ளாயிரமும் ஒன்பதாயிரமும் ஆகிவிடும். தொண்ணூறு ௯௰, தொள்ளாயிரம் ௯௱. மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய 1996-ஐ எழுதிப் பாருங்கள்: ௲௯௱௯௰௬. இது சரியாக வந்துவிட்டால் வேறு எந்த ஆண்டும் வரும்.

தட்டச்சில் இன்னொரு சிக்கல். ௧ பார்க்க க போல, ௭ எ போல, ௮ அ போல இருக்கும். அச்சில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள், தேடினால் கிடைக்காது. விசைப்பலகையில் எண்ணையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் சுழியம். பழைய முறையில் ௦ கிடையாது. 105 என்றால் ௱௫, நடுவில் எதுவும் வேண்டாம். இன்றைய இலக்கங்களைப் போல ௧௦௫ என்றும் எழுதலாம், அதுவும் சரிதான். இரண்டையும் கலந்து ௱௦௫ என்று எழுதுவதுதான் தவறு. கல்லுக்கும் அழைப்பிதழுக்கும் பழைய முறையே அழகு என்பேன். ஆனால் திருவல்லிக்கேணியின் அஞ்சல் குறியீடு 600005-ஐ ஒவ்வோர் இலக்கமாகத்தான் படிக்கிறோம். அதற்கு ௬௦௦௦௦௫ என்பதே பொருந்தும்.