நில வழக்கில் தோற்றால்: மேல்முறையீட்டுக்கான 15 நாள் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள மனை பற்றிய வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உங்களுக்கு எதிராக ஆணையிட்டால், முதலில் காலண்டரை எடுங்கள். மேல்முறையீட்டுக்கு அதே நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு 15 நீதிமன்ற நாள். ஆணை வந்த நாள், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் கணக்கில் சேராது.

2026 மார்ச் 13 வெள்ளியன்று ஆணை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 முதல் நாள். ஏப்ரல் 2 பதினான்காவது. ஏப்ரல் 3 புனித வெள்ளி, 6 குடும்ப தினம். ஆகவே கடைசி நாள் ஏப்ரல் 7. ஆணைக்கான காரணங்களை நீதிபதி பிறகு தந்தால், தந்த நாளிலிருந்து எண்ணலாம். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்ற விதிகள் வேறு, இதோடு குழப்பாதீர்கள்.

மனுவில் "நீதிபதி தவறிவிட்டார்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தீர்ப்பின் எந்தப் பத்தி, எந்தச் சாட்சியம், டைட்டில் டீடில் (நில உரிமைப் பத்திரத்தில்) எந்த வரி என்று காட்டுங்கள். வெற்றிக்கு நியாயமான வாய்ப்போ, விசாரித்தே ஆகவேண்டிய வலுவான காரணமோ இருந்தால்தான் அனுமதி. மறுத்தால் ப்ளூம்ஃபான்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகலாம்.

பலர் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில். இறுதி ஆணை என்றால், அனுமதி மனு நீதிமன்றப் பதிவாளரிடம் தாக்கலானதும் ஆணையின் செயல்பாடு பொதுவாக நிற்கும். வக்கீல் ஆபீஸ் மேசையில் கிடக்கும் மனு எதையும் நிறுத்தாது! தாக்கலான பிறகும், விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது, நிறுத்திவைத்தால் தனக்கு ஈடுசெய்ய முடியாத கெடுதல், உங்களுக்கு அப்படி இல்லை என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் ஆணையை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இந்த நிறுத்தம் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் தானாகக் கிடைத்ததில்லை. 1800இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வில்லியம்சன் எதிர் கின்கெய்டு, ஜார்ஜியாவில் ஒரு விதவை தன் பங்கு நிலம் கேட்ட வழக்கு. 1789 சட்டப்படி அங்கே வழக்கைக் கொண்டுபோக, தகராறின் மதிப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கவேண்டும். வழக்கு ஆவணத்திலோ மதிப்பே இல்லை. 10 நாள் முன்னறிவிப்போடு பிரமாணப் பத்திரத்தால் அதைக் காட்ட நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அதனால் கீழ்த் தீர்ப்பு நிற்காது என்றும் சொல்லிவிட்டது.

ஆகவே தாக்கல் செய்த அன்றே பதிவாளரின் முத்திரையிட்ட நகலை வாங்குங்கள். ஆணையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் வாசலுக்கு வந்தால் காட்ட வேண்டியது அதுதான்.