யூனிக்ஸ் கணினி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்று கண்டறியும் முறை

நேற்றிரவு சர்வர் தானாக நின்று மீண்டும் தொடங்கியதா என்ற ஐயம் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது கடைசியாகத் தொடங்கியதிலிருந்து கடந்துள்ள நேரத்தைத்தான். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் படியாக, டெர்மினலைத் திறந்து 'அப்டைம்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். இதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை. பின்வருவதைப் போன்ற ஒரே ஒரு வரி விடையாகக் கிடைக்கும்:

10:42:17 அப் 23 டேஸ், 4:05, 2 யூசர்ஸ், லோட் ஆவரேஜ்: 0.15, 0.22, 0.30

தொடக்கத்தில் உள்ளது இப்போதைய மணி. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது 4:05 என்ற இடத்தில். அது கடிகார நேரம் அன்று, 23 நாள்களுக்கு மேல் கடந்துள்ள 4 மணி 5 நிமிடம். அடுத்து வருவது உள்நுழைந்துள்ள பயனர்களின் எண்ணிக்கை. இறுதி மூன்று எண்களும் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமையைக் காட்டுகின்றன. நமது கேள்விக்கு அவை தேவையில்லை.

லினக்ஸில் இதே கட்டளையுடன் சிறுகோடும் 'பி' (p) எழுத்தும் சேர்த்தால் கால அளவு மட்டும் வாக்கியம்போல வரும். 'எஸ்' சேர்த்தால் தொடங்கிய தேதியும் மணியும் வரும். என்னைக் கேட்டால் தேதியே அதிகப் பயன் தரும், ஏனெனில் அதைப் பிழைப் பதிவுகளோடு நேரடியாக ஒப்பிடலாம். மேக்கிலும், பிரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலும் இந்தத் தெரிவுகள் இல்லாததால், அங்கே 'சிஸ்சிடிஎல்' (sysctl) கட்டளைக்குப் பின் ஓர் இடம் விட்டு, 'கெர்ன்', 'பூட்டைம்' ஆகிய இரண்டையும் நடுவில் ஒரு புள்ளியுடன் சேர்த்துத் தட்டுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் லினக்ஸின் 'ப்ராக்' அடைவில் உள்ள 'அப்டைம்' கோப்பைப் படிக்கலாம். அதன் முதல் எண், இயங்கிய மொத்த நொடிகள். 86,400 ஆல் வகுத்தால் நாள்கள் கிடைக்கும். இரண்டாவது எண், எல்லா செயலி உள்ளகங்களும் (கோர்கள்) சும்மா இருந்த நேரத்தின் கூட்டுத்தொகை என்பதால், அது முதல் எண்ணைவிடப் பெரிதாக இருப்பது பிழையன்று.

முந்தைய தொடக்கங்களையும் அறிய 'லாஸ்ட் ரீபூட்' என்று தட்டுங்கள். பழைய பதிவுக் கோப்புகள் அவ்வப்போது புதியவற்றால் மாற்றப்படும் கணினியில் அந்தப் பட்டியல் குறுகியதாகவே இருக்கும். கன்டெய்னருக்குள் (ஒரு கணினிக்குள் நிரல்களைத் தனியாகப் பிரித்து இயக்கும் சூழலுக்குள்) இருந்து 'அப்டைம்' கொடுத்தால் பொதுவாக அதைத் தாங்கும் கணினியின் நேரமே வருகிறது. எனவே கன்டெய்னர் மறுதொடக்கம் ஆனதா என்பதை இந்த எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.