கோஸும் இறாலும் ஒரே சட்டியில்: எங்கே சொதப்புகிறோம்?

மார்ச் மாதம் நியூ ஆர்லியன்ஸில், ஐரிஷ் சேனல் பகுதியில் புனித பேட்ரிக் தின ஊர்வலம் போகும்போது, வண்டிகளில் நிற்பவர்கள் பாசிமணி மாலைகளோடு சேர்த்து முழு முட்டைக்கோஸையும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே பெரிய பையோடு வருவார்கள். நாங்கள் அந்த ஊர்ப் பக்கம் குடியிருந்தபோது அப்படிக் கைக்கு வந்த ஒரு கோஸை வைத்துத்தான் முதல்முறை இந்தச் சமையலைச் செய்துபார்த்தேன். கோஸ், புகையூட்டிய சாசேஜ், இறால், எல்லாம் ஒரே இரும்புச் சட்டியில். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அடியில் இரண்டு விரல் தண்ணீர், வெளிறிப்போன கோஸ், ரப்பராகிப்போன இறால். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மூடி போட்டியா கண்ணு?" என்றுதான்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில், அதிலும் லூசியானாவில், இது ரொம்பச் சாதாரணமான வீட்டுச் சாப்பாடு. புத்தாண்டு அன்று காராமணியோடு கோஸும் சாப்பிட்டால் அந்த வருஷம் கையில் பணம் புழங்கும் என்பது அங்கே பல குடும்பங்களின் நம்பிக்கை. அப்படி எல்லோரும் செய்கிற எளிய சமையல் ஏன் நம் கையில் கெட்டுப்போகிறது என்றால், ஒரே சட்டி என்றதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகிறோம். கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், இறாலிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் தண்ணீர் விடும், வதங்க வேண்டிய கோஸ் வேகத் தொடங்கும், இரண்டே நிமிஷத்தில் முடிய வேண்டிய இறால் இருபது நிமிஷம் கொதிக்கும்.

செய்ய நினைப்பது எந்தச் சமையல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஊரில் கோஸை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று 'ஃப்ரைடு கேபேஜ்'. பெயரைப் பார்த்து எண்ணெயில் பொரிப்பது என்று நினைக்க வேண்டாம், பன்றிக் கொழுப்பிலோ வெண்ணெயிலோ நல்ல சூட்டில் ஓரம் பழுப்பாகும்வரை வதக்குவதுதான் அது. இன்னொன்று 'ஸ்மதர்டு கேபேஜ்', மூடி போட்டுச் சின்னத் தீயில் நாற்பது, ஐம்பது நிமிஷம் வைத்துக் குழைய விடுவது. இரண்டுமே நல்ல சாப்பாடு. ஆனால் முதலாவதாகத் தொடங்கி, கோஸ் சீக்கிரம் சுருங்கவில்லையே என்று பயந்து நடுவில் மூடி போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டாவதாக மாற்றப் பார்ப்பவர்கள்தான் நிறைய. நம் ஊர்க் கோஸ் பொரியல் பழக்கம் இங்கே குறுக்கே வருகிறது. பொரியலுக்குத் தண்ணீர் தெளித்து மூடி வைப்பது சரி, மெல்லிய சீவலுக்கு அது போதும். இதற்கு அது ஆகாது. இறால் சேர்த்துச் செய்வதற்கு வதக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது, கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

கோஸை வெட்டுவதில் ஆரம்பிக்கலாம். பொரியலுக்குச் சீவுகிற மாதிரி சன்னமாகச் சீவினால் சட்டியில் பட்ட கொஞ்ச நேரத்தில் துவண்டு கஞ்சியாகிவிடும். ஒன்றரை அங்குலச் சதுரமாகவோ, விரல் அகல நாடாவாகவோ வெட்டுங்கள். நடுத்தண்டை எடுத்துவிட வேண்டும், அதை ஒட்டிய தடித்த நரம்புப் பகுதியை மட்டும் மெல்லிசாக நறுக்கித் தனியாக வைத்துக்கொண்டு இலைகளுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் போட்டால் எல்லாம் ஒன்றாகப் பதம் வரும். இன்னொன்று, வெட்டியபின் கழுவி அப்படியே ஈரத்தோடு போடக்கூடாது. நாலாகப் பிளந்தவுடனே கழுவி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி அரைமணி நேரம் வடியவிட்டுவிட்டு அப்புறம் நறுக்குங்கள்.

அப்புறம் அளவு. 12 அங்குலச் சட்டியில் இரண்டு பவுண்டு கோஸை ஒரே தடவையில் மலைபோலக் குவித்தால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் எடைக்குக் கீழே ஆவியில் வேகும். பாதியைப் போட்டு, மூன்று நாலு நிமிஷம் கிளறாமல் விட்டு, அடி பழுத்ததும் புரட்டி, சுருங்கியபின் மீதியைச் சேர்க்க வேண்டும். கிளறாமல் விடுவது நமக்குக் கஷ்டமான காரியம், கரண்டி கையில் இருந்தால் கை சும்மா இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவை கிளறும்போதும் சூடேறிய பக்கம் மேலே போய் ஆறிவிடும், எந்தப் பக்கமும் நிறம் பிடிக்காது. அந்தப் பழுப்பு ஓரத்தில்தான் இந்தச் சமையலின் இனிப்பே இருக்கிறது. மொத்தம் 12 முதல் 15 நிமிஷம், கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். கோஸை ரொம்ப நேரம் வேகவிட்டால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சிதைந்து அந்த ஹாஸ்டல் வாசனை வருமே, அது இறாலின் மணத்தை முழுக்க அடித்துவிடும்.

உப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டி முழுக்கக் கெட்டுப்போவது பெரும்பாலும் இதில்தான். பேக்கனில் (உப்பிட்ட பன்றிக்கறி) உப்பு இருக்கிறது, ஆண்டூயி என்கிற புகையூட்டிய பன்றி சாசேஜில் உப்பு இருக்கிறது, உறைந்த இறால் பாக்கெட்டில் பல சமயம் உப்பு சேர்த்தே வருகிறது. இதற்குமேல் 'கேஜன்' என்கிற லூசியானாக் கார மசாலா. ஓபலூசஸ் ஊரிலிருந்து வருகிற டோனி சாஷரே பச்சை டப்பாவை எடுத்துப் பின்பக்கம் படித்துப் பாருங்கள், முதலில் எழுதியிருப்பதே உப்புதான். நம் கண்ணுக்கு அது மிளகாய்த்தூள் கலந்த மசாலாவாகத் தெரிவதால் இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போட்டு, வழக்கம்போல உப்பும் தனியாகப் போடுவோம். போட்டபின் எடுக்க வழியில்லை. உப்பில்லாத டப்பாவும் விற்கிறார்கள், அதை வாங்கினால் காரத்தையும் உப்பையும் தனித்தனியாக உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு: கோஸ் போட்டதும் உப்பு தூவினால் அது உடனே தண்ணீரை வெளியே இழுக்கும். பழுப்பாகி முடிந்தபின், கடைசி இரண்டு மூன்று நிமிஷத்தில், ருசி பார்த்துவிட்டுத் தூவுங்கள். மூடி போட்டுக் குழைய விடும் முறைக்கு மட்டும் உப்பை முதலிலேயே போடலாம், அங்கே தண்ணீர் வருவதுதான் வேண்டியது.

இறாலுக்கு வருவோம். பாக்கெட்டில் 16/20, 31/40 என்று போட்டிருப்பது ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு, எண் கூடக்கூட இறால் சின்னது. 51/60 வாங்கினால் நிறம் பிடிப்பதற்குள் வெந்து முடிந்துவிடும். 21/25 இதற்குச் சரியான அளவு. பாக்கெட்டில் ஏற்கெனவே வேகவைத்தது என்று இருந்தால் அது இளஞ்சிவப்பாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் சட்டியில் மறுபடி சூடானால் அதில் மிச்சமிருக்கிற மென்மையும் போய்விடும், வாங்காதீர்கள். கடையில் ஐஸ் மேல் பரப்பி வைத்திருப்பதும் பெரும்பாலும் உறைந்து வந்து உருகியதுதான், அதனால் உறைந்த பாக்கெட்டையே வாங்கி ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து உருக விடுவது நல்லது. அவசரம் என்றால் மூடிய பையோடு குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம். வெந்நீரோ மைக்ரோவேவோ வேண்டாம், ஓரம் வெந்துவிடும், நடு உறைந்தே இருக்கும்.

பாக்கெட்டில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று எழுதியிருந்தால் அந்த இறால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், சட்டியில் போட்டதும் வெள்ளையாக நீர் கக்கும். முடிந்தால் இறாலும் உப்பும் மட்டும் எழுதியிருப்பதைத் தேடுங்கள். அமெரிக்காவில் சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, அதில் அதிகம் அனுப்புவது இந்தியா, அதுவும் பெரும்பாலும் ஆந்திரக் கரையோரப் பண்ணைகளில் வளர்ந்த வன்னாமி வகை இறால். லூசியானாவில் இறால் பிடிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாழ்வாதாரப் பிரச்சினை என்றால், இறக்குமதி இறால் போடும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019ல் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. சமையலுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். மெக்சிகோ வளைகுடாவில் பிடித்த இறால் இறுகலாக, அழுத்தமான கடல் மணத்தோடு இருக்கும். பண்ணை இறால் இன்னும் மென்மை, எனக்கு அது அரை நிமிஷம் முன்னாலேயே பதம் வந்துவிடுகிறது. எங்கே கிடைக்கிறதோ அங்கே வளைகுடா இறாலையே வாங்குங்கள் என்பேன், விலை கூடத்தான், ஆனால் இந்தச் சமையல் அந்த இறாலை வைத்துப் பிறந்தது.

சுத்தம் செய்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை எடுத்து, காகிதத் துணியால் ஒவ்வொன்றையும் ஒற்றி எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஈர இறால் சட்டியில் நிறம் பிடிக்காது, வேறு ரகசியம் எதுவும் இல்லை. உரித்த இறால் ஓட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு கப் தண்ணீரில் 15, 20 நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்தால், பின்னால் சட்டி அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கக் கால் கப் அருமையான சாறு கிடைக்கும்.

இப்போது வரிசை. முதலில் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி நடுத்தர தீயில் இருபுறமும் சிவக்கவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஆண்டூயி ஏற்கெனவே புகையில் வெந்ததுதான், நமக்கு வேண்டியது அது விடுகிற கொழுப்பும் அடியில் ஒட்டுகிற பழுப்பும். அந்தக் கொழுப்பு நன்றாகச் சூடானதும் இறாலை இடம் விட்டுப் பரப்பி, ஒரு பக்கம் ஒரு நிமிஷம், திருப்பிப்போட்டு அரை நிமிஷம், நடுவில் இன்னும் லேசாகக் கண்ணாடிபோல இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அரைகுறையாக எடுப்பது பயமாக இருக்கும், ஆனால் அது கடைசியில் திரும்பச் சட்டிக்கு வந்து மீதி வேகப் போகிறது. நாம் இறால் தொக்குக்கு எண்ணெய் பிரியும்வரை வதக்கிப் பழகியவர்கள், அந்தக் கைப்பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். இறால் அரைவட்டமாக வளைந்து வெண்மையானால் முடிந்தது, இறுகிச் சுருண்டு முழு வட்டமானால் தாண்டிவிட்டது.

அப்புறம் அதே சட்டியில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய். லூசியானாவில் இந்த மூன்றையும் 'ஹோலி டிரினிட்டி' என்றே சொல்வார்கள். ஐந்து நிமிஷம் வதங்கியதும் பூண்டு, அரை நிமிஷம், ஓட்டுச்சாறு ஊற்றிச் சுரண்டல், சாறு முழுக்க வற்றியதும் தீயைக் கூட்டிக் கோஸ். பூண்டை முதலிலேயே போட்டால் கோஸ் பழுப்பதற்குள் அது கருகிக் கசந்துவிடும்.

வினிகர், எலுமிச்சை, ஹாட் சாஸ் எல்லாம் கடைசிதான். புளிப்பு சீக்கிரம் சேர்ந்தால் கோஸ் மென்மையாக மறுக்கும், பச்சை நிறமும் மங்கிப்போகும். டபாஸ்கோ, கிரிஸ்டல் போன்ற லூசியானா சாஸ்களில் வினிகர் இருப்பதால், அதை ஊற்றினால் தனி வினிகரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் புளிப்பை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் சட்டியின் பழக்கிய எண்ணெய்ப் பூச்சு வேறு போய்விடும்.

பன்றி சாப்பிடாதவர்கள் புகையூட்டிய வான்கோழி சாசேஜ் போடலாம், தெற்கிலேயே பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் கொழுப்பு குறைவு என்பதை மறந்து எண்ணெய் ஊற்றாமல் விட்டால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேருங்கள்.

இறாலுக்குப் பதில் நண்டுச் சதை என்றால் அடுப்பை அணைத்தபின் மேலே தூவி ஒரே ஒரு தடவை மெதுவாகப் புரட்டினால் போதும், கிளறினால் கட்டிகளுக்குக் கொடுத்த காசு வீண். உறைந்த கிராஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால் போன்ற உயிரி) சதை வந்தால் பையில் இருக்கும் மஞ்சள் கொழுப்பைக் கழுவிவிடாதீர்கள், ருசி அதில்தான். கெளுத்தி மாதிரி மீன் துண்டுகளைக் கோஸோடு சேர்த்துப் புரட்டவே கூடாது, மேலே அடுக்கி, இந்த ஒரு இடத்தில் மட்டும் மூடி போட்டு ஐந்தாறு நிமிஷம் ஆவியில் விடுங்கள். சிப்பி நிறையத் தண்ணீர் விடும், இந்தச் சட்டிக்கு நான் போடுவதில்லை.

கடைசியில் சாசேஜும் இறாலும் சட்டிக்குத் திரும்பும் நேரத்தில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். வார்ப்பிரும்பு சூட்டை ரொம்ப நேரம் பிடித்து வைத்திருக்கும், அந்தச் சூட்டிலேயே ஒரு நிமிஷத்தில் இறால் முடிந்துவிடும். அதனால்தான் சட்டியோடு மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. சோறு முன்னாலேயே தயாராக இருக்கட்டும், ஆட்கள் உட்கார்ந்தபின் இறாலைச் சேருங்கள்.

மிச்சம் இருந்தால் இறாலை மட்டும் பொறுக்கித் தனி டப்பாவில் போட்டு, இரண்டையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கோஸையும் சாசேஜையும் சட்டியில் நன்றாகச் சூடாக்கினால் முதல்நாளைவிட ருசியாக இருக்கும், இறாலைக் குளிர்ச்சி போகும்வரை வெளியே வைக்காமல் அப்படியே எடுத்து, சூடான கோஸின் நடுவில் புதைத்து, ஒரு நிமிஷம் விட்டுத் தட்டில் போடுங்கள்.