டான்சானியா கிராமங்களில் முதலீடு: ஊரோடு பேசி முடிக்கும் வழிமுறை

விருதுநகரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டான்சானியாவில் துவரையும் முந்திரியும் விவசாயியிடமே நேரடியாக வாங்கலாமா? ஆயிரம் ஏக்கர் நிலம் கிடைக்குமா?" தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். தெற்கே லிண்டி, ம்ட்வாரா பகுதிகளில் வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே இருந்து பேசிக்கொடுப்பது என் வேலை. கம்பெனிப் பதிவு, விசா, வங்கிக் கணக்கு இவற்றையெல்லாம் தாருஸ்ஸலாமில் ஒரு நல்ல வழக்கறிஞர் முடித்துக் கொடுத்துவிடுவார். அவற்றை நான் தொடப்போவதில்லை. ஊருக்குள் என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

படி 1: நிலமா, விளைச்சலா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். பத்துக்கு ஒன்பது பேருக்குத் தேவை விளைச்சல்தான், நிலம் அல்ல.

டான்சானியாவில் நிலம் முழுவதும் பொதுச்சொத்து; குடியரசுத் தலைவர் அதன் அறங்காவலர். 1999-ல் வந்த நிலச் சட்டமும் கிராம நிலச் சட்டமும் நிலத்தைப் பொது நிலம், ஒதுக்கு நிலம், கிராம நிலம் என மூன்றாகப் பிரிக்கின்றன. வெளிநாட்டவருக்கு முதலீட்டுக்காக மட்டுமே, முதலீட்டு ஆணையத்தின் வழியாக நில உரிமை கிடைக்கும். கிராம நிலம் வேண்டுமென்றால் அதை முதலில் பொது நிலமாக மாற்ற வேண்டும். 250 ஹெக்டேர் வரை அதை ஏற்பதும் மறுப்பதும் கிராமப் பேரவையின், அதாவது வயதுவந்த ஊர்க்காரர் எல்லோரும் கூடும் கூட்டத்தின், கையில். அதற்கு மேல் போனால் பேரவையின் கருத்தைக் கேட்டுவிட்டு அமைச்சர் முடிவெடுப்பார். இழப்பீடு எவ்வளவு, எப்போது, எப்படி என்று பேசி முடிக்காமல் மாற்றம் நடக்கக் கூடாது.

இதில் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பொது நிலமாகிவிட்ட நிலம், கம்பெனி மூடிப்போனாலும் தானாக ஊருக்குத் திரும்பாது. கிசராவே மாவட்டத்தில் சன் பயோஃபியூவல்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் காட்டாமணக்கு பயிரிட 11 கிராமங்களிலிருந்து 8,000 ஹெக்டேருக்கும் மேல் 99 ஆண்டுக் குத்தகையில் எடுத்தது. 2011-ல் வேலை நின்றது. நிலம் வேறு கைக்கு மாறியது. ஊர்கள் பார்த்துக்கொண்டு நின்றன. இந்தக் கதை தெற்கிலும் தெரியும். ஆகவே, "எங்களுக்கு உங்கள் நிலம் வேண்டாம், விளைச்சல் வேண்டும்" என்று சொல்ல முடிந்தால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆலைக்கு மனை வேண்டுமா? மசாசி, ம்ட்வாரா போன்ற நகரங்களில் ஏற்கெனவே பொது நிலமாக உள்ள தொழில் மனையைத் தேடுங்கள். கிராமத்து நிலத்தைத் தொடாதீர்கள். இது என் உறுதியான கருத்து.

படி 2: சந்தை விதியை முதலீட்டாளருக்குச் சொல்லுங்கள்

ஊருக்குப் போகும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். முந்திரியை விவசாயி வீட்டு வாசலில் வாங்க முடியாது. 2007-ல் ம்ட்வாராவில் தொடங்கிய கிடங்கு ரசீது முறையில், விவசாயி தன் முந்திரியை 'ஆம்கோஸ்' எனப்படும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பார். அங்கிருந்து அது கிடங்குக்குப் போகும், பிறகு ஏலத்துக்கு வரும். இதைத் தாண்டி ரகசியமாக வாங்குவதற்கு இங்கே 'கங்கோம்பா' என்று பெயர், அது குற்றம். துவரையும் எள்ளும்கூடப் பல மாவட்டங்களில் இதே வழிக்கு வந்துவிட்டன.

அப்படியானால் ஊரோடு பேச என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. நல்ல விதை, தெளிப்பு மருந்து, உலர்த்தும் களம், தரம் பிரிக்கும் பயிற்சி, சங்கத்துக்குக் கிடங்கு, பக்கத்து நகரில் ஒரு பருப்பு மில் அல்லது முந்திரி உடைக்கும் ஆலை, அதில் வேலை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இங்கே முந்திரி அறுவடை. இந்தியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் சரக்கு தீர்ந்திருக்கும் காலம் அது. நம் ஆலைகளுக்கு இந்த ஊர்கள் தேவைப்படுவது அதனால்தான்.

படி 3: யாரை முதலில் பார்ப்பது?

மாவட்ட நிர்வாகத்திடம் அறிமுகக் கடிதம் வாங்குங்கள். அதோடு கிராமச் செயல் அலுவலரைப் பாருங்கள். அவர் அரசு ஊழியர், நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி. பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவர், பிறகு கிராம சபை (நம்மூர் கிராம சபை போல ஊரே கூடுவதல்ல, ஊரை நடத்தும் சிறு குழு), கடைசியில் பேரவை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வயதில் மூத்தவரைப் பார்த்தால் "ஷிகமூ" என்று வணங்குங்கள். முதலீட்டாளரையும் சொல்ல வையுங்கள்.

முதல் சந்திப்பில் எண்ணிக்கை எதையும் சொல்லக் கூடாது. எத்தனை வேலை, எத்தனை கிணறு என்று ஆர்வத்தில் சொல்வதெல்லாம் அன்று மாலையே வாக்குறுதியாகி ஊர் முழுக்கப் பரவிவிடும்.

படி 4: வரைபடம்

என் கருவிகள் இவை. கைபேசியில் கியூஃபீல்ட் என்ற வரைபடச் செயலி, இணையம் இல்லாமலே வேலை செய்யும், இலவசம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வசதி. பிறகு பெரிய தாளில் அச்சடித்த படம். டிரோனை நான் கொண்டுபோவதில்லை. அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தலைக்கு மேல் அது பறந்தால் நிலத்தை அளந்து எடுக்க வந்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பிவிடும்.

பழைய படங்களை ஏன் பார்க்க வேண்டும்? இன்று புதராகத் தெரியும் இடத்தில் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் சோளம் விளைந்திருக்கும். தரிசாக விட்டு மண் தேறியதும் திரும்ப வருவார்கள். "சும்மா கிடக்கிற நிலம்" என்று இங்கே ஒன்று கிடையாது. அச்சடித்த படத்தைத் தரையில் விரித்து ஊர்க்காரர்களையே கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கும் இடம், கல்லறை, விறகு பொறுக்கும் காடு, மாட்டு வழி எல்லாம் அப்போதுதான் படத்தில் ஏறும். மாட்டு வழியைத் தனியாகக் கேளுங்கள். 2006–07-ல் உசங்கு சமவெளியிலிருந்து வெளியேற்றப்பட்ட மேய்ப்பர்கள் பலர் லிண்டி பக்கம் வந்து சேர்ந்தார்கள். உழவர்கள் கோடு போடும்போது அந்த மேய்ப்பர்களின் பாதையைச் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு.

லிண்டி பகுதியின் நச்சிங்வேயா போனால் ஊர்ப் பெரியவர்களிடம் நிலக்கடலைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 1947-ல் பிரிட்டிஷ் அரசு தங்கனீக்காவில் (டான்சானியப் பெருநிலத்தின் அன்றைய பெயர்) கடலை எண்ணெய்க்காகக் காட்டை அழித்து உழத் தொடங்கியது. அதற்கான இடங்களில் நச்சிங்வேயாவும் ஒன்று. ம்ட்வாராவின் ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பட்டதும் அந்தத் திட்டத்துக்காகத்தான். 3 கோடிப் பவுண்டுக்கு மேல் கரைந்து, 1951-ல் கைவிட்டார்கள். மண்ணையும் மழையையும் அங்கே இருந்தவர்களிடம் கேட்டறியாமல் போட்ட திட்டம் அது.

படி 5: ஊர்ப் பேரவைக் கூட்டம்

இங்கேதான் நிதானம் வேண்டும். 18 வயது நிரம்பிய ஊர்க்காரர் எல்லோரும் பேரவை உறுப்பினர்கள். தலைவரும் கிராம சபையும் "சரி" என்றால் ஊர் சரி என்றதாக ஆகாது.

நான் பார்த்துக்கொண்ட ஒரு வேலை ஏறக்குறைய ஒரு பருவம் முழுக்க இந்தப் படியில் நின்றது. கூட்டம் நடந்தது, தீர்மானம், கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. வருகைப் பதிவேட்டைக் குடியிருப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாலையோரக் குடியிருப்புக்காரர்கள். ஒரு கிராமத்துக்குள் 'கிட்டோங்கோஜி' எனப்படும் குடியிருப்புகள் பல உண்டு, சில வெகு தொலைவில். ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் அப்போது வயல் குடிசைகளில் பன்றியும் குரங்கும் வராமல் பயிருக்குக் காவல் இருந்தார்கள். திரும்பி வந்ததும், எங்களைக் கேட்காமல் எங்கள் பேரில் எப்படித் தீர்மானம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் இருப்பிடத்திலேயே மறுபடி கூட்டம் போட்டுத்தான் வேலை நகர்ந்தது.

அதிலிருந்து நான் விடாமல் செய்வது: முதலில் குடியிருப்பு தோறும் சிறு கூட்டம், அதன் பிறகே பேரவை. தேதியை ஊரே குறிக்கட்டும். வெள்ளி நண்பகல் வேண்டாம். கடலோரத் தெற்கில் முஸ்லிம்கள் அதிகம். அறுவடைக் காலமும் சந்தை நாளும் வேண்டாம். அறிவிப்பு ஒட்டினால் போதாது, குடியிருப்புத் தலைவர் வீடுவீடாகச் சொல்ல வேண்டும்.

பெண்களோடு தனியாக ஒரு கூட்டம் கட்டாயம். மகோண்டே, மகுவா, யாவோ, ம்வேரா மக்களிடம் தாய்வழி முறை இருந்துவந்திருக்கிறது. தாய்மாமனுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. நிலத்தைப் பற்றியோ முந்திரி மரங்களைப் பற்றியோ கணவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால், உரிமையுள்ளவர்களிடம் நீங்கள் இன்னும் பேசவே இல்லை என்று பொருள். தாய்மாமன் என்றால் யார் என்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலீட்டாளர் இந்தக் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும். அவரிடம் இரண்டு கேள்விகள் உறுதியாக வரும், பதிலோடு வரச் சொல்லுங்கள். ஒன்று, 2017. அந்த ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வைத்தது. இங்கே விலை சரிந்தது. பலர் அறுவடை செய்யாமலே வயலில் விட்டார்கள். 2021 மே மாதத்தில் தடை தளர்ந்தாலும் ஊர் அதை மறக்கவில்லை. "உங்கள் அரசு மறுபடி கதவை மூடினால் எங்கள் துவரைக்கு என்ன வழி?" என்று கேட்பார்கள். மற்றது, 2018. தனியார் கேட்ட ஏல விலை குறைவு என்று அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு முந்திரியை எடுத்துக்கொண்டது. ராணுவ லாரிகள் வந்து ஏற்றிப்போயின. "விலை பிடிக்காவிட்டால் நீங்களும் ஒதுங்கிக்கொள்வீர்களா?" என்பது அதிலிருந்து வரும் கேள்வி. "அப்படியெல்லாம் நடக்காது" என்பது பதிலே அல்ல. உள்ளூர்ச் சந்தைக்கும் பருப்பு உடைத்து விற்போம், இந்தியா மூடினாலும் இவ்வளவு வாங்குவோம் என்று அளவு சொல்ல முடிந்தவரை மட்டுமே நான் கூட்டிப்போகிறேன்.

படி 6: தீர்மானமும் ஒப்பந்தமும்

தீர்மானத்தைச் சுவாஹிலியில் எழுதி, கூட்டம் கலைவதற்கு முன் உரக்கப் படித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்குங்கள். யார் எதிர்த்தார், ஏன் எதிர்த்தார் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி ஊரிலேயே இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஆம்கோஸ் சங்கத்தோடு. தராசு யாருடையது, யார் சரிபார்ப்பது? ஈரப்பதம் எவ்வளவு இருந்தால் சரக்கைத் திருப்பலாம்? சாக்கு யார் செலவு? விதைக்கடன் மழை பொய்த்த ஆண்டில் என்ன ஆகும்? சண்டைகள் வருவதெல்லாம் இந்த நான்கில்தான். ஈரப்பதமானி இரண்டு வாங்கி ஒன்றைச் சங்கத்திடமே கொடுத்துவிடுங்கள். ஊருக்கான பணம் எதுவானாலும் ஊரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், தலைவரின் எம்-பெசா (கைபேசிப் பணச் சேவை) எண்ணுக்கு ஒருபோதும் அல்ல. அவர் நேர்மையானவராக இருந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் எழுதிக் கேட்டவற்றுக்கு:

முதலீட்டு மையத்தின் முகவரி மாறிவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025-ல் அதையும் ஏற்றுமதி மண்டல ஆணையத்தையும் ஒன்றாக்கி 'டிசெசா' என்ற புதிய ஆணையம் அமைத்திருக்கிறார்கள். பழைய படிவங்களை வைத்துக்கொண்டு அலையாதீர்கள்.

இன்னொன்று மிக முக்கியம். 2025 ஜூலையில் வந்த ஆணை, வெளிநாட்டவர் செய்யக் கூடாத தொழில்களைப் பட்டியலிட்டது. வயலிலேயே பயிரை வாங்குவது அதில் ஒன்று. முன்பு சில பயிர்களுக்கு இருந்த இடைவெளியும் இதோடு அடைபட்டது.

"அப்படியானால் உள்ளூர்க்காரர் ஒருவர் பேரில் வாங்கலாமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. பினாமியாக நிற்கும் டான்சானியக் குடிமகனுக்கும் அந்த ஆணையில் தண்டனை உண்டு. உங்களுக்கு விசா போகும். அவர் தன் ஊரிலேயே வழக்கைச் சுமக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு நான் ஊரையோ ஆளையோ காட்டுவதில்லை. ஏலத்தில் எடுங்கள், ஆலை போடுங்கள், சங்கத்தோடு ஒப்பந்தம் செய்யுங்கள். மூன்றுக்கும் வழி திறந்தே இருக்கிறது. வரும் அக்டோபர் ஏலத்துக்குப் பதிவு செய்ய நினைப்பவர்கள் ஜூன், ஜூலையிலேயே குடியிருப்புக் கூட்டங்களைத் தொடங்கிவிடுங்கள். மழை விட்டுப் பாதை காய்ந்திருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள்.