பிட்யூட்டரி கட்டியும் வி.இ.ஜி.எஃப்-உம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்கு அடியில் இருக்கும் சிறிய ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வரும் கட்டி பற்றி இணையத்தில் தேடினால் வி.இ.ஜி.எஃப் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். புது ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கும் புரதம் அது. 'கட்டி வளர ரத்தம் வேண்டும், அப்படியானால் இது கூடினால் கட்டி மோசம்' என்று பலர் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். மற்ற உறுப்புகளில் வரும் பல புற்றுநோய்களுக்கு ஓரளவு ஒத்துவரும் கணக்கு, பிட்யூட்டரியில் உதைக்கிறது.

ஏனென்றால், நோயில்லாத பிட்யூட்டரியிலேயே ரத்தக்குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஹார்மோனை உடனுக்குடன் ரத்தத்தில் கலக்க வேண்டிய சுரப்பி அல்லவா? 1989-இல் ஃபெராராவும் ஹென்சலும் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்ததே மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்துதான். கட்டியிலோ குழாய்களின் அடர்த்தி பெரும்பாலும் குறைவு. எம்.ஆர்.ஐ-யில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் சுரப்பி சட்டென்று வெளுக்கும், சிறிய கட்டி மட்டும் கொஞ்ச நேரம் கறுப்பாகப் பின்தங்கி நிற்கும். வி.இ.ஜி.எஃப் அளவுக்கும் கட்டி பக்கத்தில் ஊடுருவுவதற்கும் தொடர்பு உண்டென்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. ஒரே ஓர் ஆய்வைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

சரி, ரத்தத்தில் அளந்து பார்த்தால்? அதுவும் நம்பகமான வழியல்ல. ரத்தம் உறையும்போது தட்டணுக்களே வி.இ.ஜி.எஃப்-ஐ வெளியே விடும். அதனால் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) அளந்தால், பிளாஸ்மாவைவிட (உறையவிடாமல் பிரித்த நீர்) கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதலுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் கூடும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வேறொரு பொருளின் பரிசோதனையோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அந்தப் பரிசோதனை, அக்ரோமெகலியை (வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து கை, கால், முகம் பெரிதாகும் நோய்) கண்டுபிடிக்கவும் சிகிச்சை பலனளிக்கிறதா என்று பார்க்கவும் உண்மையிலேயே தேவையான டெஸ்ட். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

'ரத்தக்குழாயைத் தடுக்கும் ஊசி போடலாமே' என்று டாக்டரை நெருக்குபவர்களும் இருக்கிறார்கள். பெவாசிசுமாப் அப்படிப்பட்ட மருந்துதான். ஆனால் பிட்யூட்டரியில், டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்துக்கும் அடங்காத அரிதான, மூர்க்கமான கட்டிகளில்தான் அதை முயன்று பார்க்கிறார்கள். புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) சுரக்கும் கட்டிக்குப் பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையே போதும்.

அறுவைக்குப் பின் பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு: கட்டி எந்த ஹார்மோன் செல்லிலிருந்து வந்தது, செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 3 சதவீதத்துக்கு மேலா, செல்கள் பிரிவது அதிகமாகத் தெரிகிறதா, பக்கத்து கேவர்னஸ் சைனஸுக்குள் (சுரப்பியின் இருபுறமும் உள்ள ரத்தநாளப் பகுதி) கட்டி நுழைந்திருக்கிறதா. அப்புறம், அடுத்த எம்.ஆர்.ஐ-யும் கண் பார்வைப் பரப்புச் சோதனையும் எப்போது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.