பழைய சவுத் பெண்ட் 9 அங்குல லேத்: மோட்டாருக்கு முன்னால் திரியைக் கவனியுங்கள்

பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, நல்ல மோட்டார் போட வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி எனும் மின்னணுக் கருவி வேண்டும் என்பதுதான். இரண்டுமே நல்லவைதான். ஆனால் உங்களிடம் இருப்பது சவுத் பெண்ட் 9 அங்குல லேத் என்றால், அதற்கு முன்னால் ஹெட்ஸ்டாக்குக்குள் (லேத்தின் இடப்பக்கத் தலைப்பகுதி) இருக்கும் இரண்டு கம்பளித் திரிகளைப் பாருங்கள். அவற்றை மாற்றாமல் புது மோட்டாரை மாட்டி ஓட்டினால், இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்த ஸ்பிண்டிலை (வேலைப்பொருளைச் சுழற்றும் முக்கிய அச்சு) நாமே தேய்த்து முடித்துவிடுவோம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள சவுத் பெண்ட் நகரில் 1906-ல் ஓ'பிரையன் இரட்டையர்கள் தொடங்கிய கம்பெனி இது. 9 அங்குல மாடலில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ-யில் கியர் பெட்டியும் தானாக ஓடும் கிராஸ் ஃபீடும் (வெட்டும் உளியைக் குறுக்கே நகர்த்துவது) இருக்கும். பி-யில் கிராஸ் ஃபீடு உண்டு, கியர் பெட்டி இல்லை. சி-யில் இரண்டும் இல்லை, மரை வெட்ட கியர்களைக் கையால்தான் மாற்ற வேண்டும். ஹெட்ஸ்டாக் வேலை மூன்றுக்கும் ஒன்றே. சீரியல் எண் பெட்டின் (லேத்தின் நீளமான அடித்தளம்) மேல், வலப்பக்கம் டெயில்ஸ்டாக் இருக்கும் கடைசியில் வெட்டப்பட்டிருக்கும். உதிரி பாகம் தேடும்போது அந்த எண் தேவைப்படும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

இந்த மாடலில் ஸ்பிண்டிலுக்கு பால் பேரிங் கிடையாது, வெண்கல புஷ்ஷும் கிடையாது. ஹெட்ஸ்டாக்கின் வார்ப்பிரும்பிலேயே துளையிட்டு, அதற்குள் நேரடியாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். ஒவ்வொரு பேரிங்குக்கும் அடியில் சிறிய எண்ணெய்க் குழி. அதில் ஸ்பிரிங் மேல் நிற்கும் கம்பளித் திரி எண்ணெயை உறிஞ்சி ஸ்பிண்டிலின் அடிப்பக்கம் தடவிக்கொண்டே இருக்கும்.

பழைய எண்ணெய் காய்ந்து பிசினானால் திரி கட்டையாக இறுகிவிடும். அப்போது முன்பக்கக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினால் நிரம்பி நிற்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், மேலே ஒரு துளிகூடப் போகாது. கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் நாள்கணக்கில் குறையாமல் நின்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கழற்றும் முன் ஒரு அளவு

டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஹெட்ஸ்டாக்கில் நிறுத்தி, முனையை சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தாடை) பக்கம் ஸ்பிண்டிலின் மேல் வையுங்கள். ஸ்பிண்டில் துளையில் ஒரு கம்பியை விட்டு, சுமார் 75 பவுண்ட் விசையில் மேலே தூக்குங்கள். முள் 0.0007 முதல் 0.001 அங்குலம் வரை நகர்ந்தால் பேரிங் ஆரோக்கியம். பின் பேரிங்கிலும் இதையே செய்யுங்கள். அதிகமாக ஆடினால், பேரிங் தொப்பிக்கு அடியில் இருக்கும் ஷிம் அடுக்கிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை உரித்து மறுபடி அளக்க வேண்டும். எந்த ஷிம் எந்த பேரிங்கில் இருந்தது என்று தனித்தனிக் கவரில் எழுதிப் போடுங்கள், கலந்துவிட்டால் பெரிய தலைவலி.

ஸ்பிண்டிலை எடுப்பது

பெல்ட்டை அவிழ்த்து, இடப்பக்கம் இருக்கும் கியரையும், ஸ்பிண்டிலின் நீளவாக்கு ஆட்டத்தைச் சரிசெய்யும் டேக்-அப் நட்டையும் கழற்றுங்கள். பேரிங் தொப்பி போல்ட்டுகளைத் தளர்த்தினால் போதும். பேரிங்கில் இருக்கும் பிளவில் உளி, ஆப்பு எதையும் வைத்து நெம்பாதீர்கள், வார்ப்பிரும்பு விரிந்து கொடுக்காது, உடையும். பிறகு ஸ்பிண்டிலை டெயில்ஸ்டாக் பக்கமாக மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். பெரிய கியருக்கும் ஹெட்ஸ்டாக் சுவருக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்தால் அடி கியரின் மேல் விழாது.

உள்ளே இருக்கும் கறுப்புச் சேற்றை மண்ணெண்ணெய் விட்டு, குழியின் அடிவரை துணியால் துடைத்து எடுங்கள். தேய்ப்பு இடங்களில் உப்புத்தாளும் ஸ்டீல் வூலும் பக்கத்தில் வரக்கூடாது. வெளிப் பெயிண்ட்டை உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம், அந்தக் காலப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்.

மாட்டிக்கொள்ளும் இடம்

புதுத் திரி உண்மையான கம்பளியாக இருக்க வேண்டும். கைவினைக் கடையில் விற்கும் பாலியஸ்டர் ஃபெல்ட் எண்ணெயை அப்படி உறிஞ்சாது. முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள்.

இப்போது சிக்கல். திரியைக் குழியில் வைத்தால் ஸ்பிரிங் அதைத் துளைக்குள் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஸ்பிண்டிலை நுழைத்தால் அதன் விளிம்பு திரியைக் கத்தரித்துவிடும், அல்லது மடித்து நசுக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வேலை முடிந்தது என்று நினைத்து ஓட்டுவோம், பேரிங் மறுபடி வறண்டு கிடக்கும்.

வழி இதுதான். முன்பக்க எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றுங்கள். விரலால் திரியை நன்றாகக் கீழே அழுத்திக்கொண்டு, கிண்ணம் இருந்த துளை வழியாக விறைப்பான மெல்லிய கம்பியைத் திரிக்குள் குத்தி நிறுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் திரி துளையின் மட்டத்துக்குக் கீழேயே நிற்க வேண்டும். விரல்நுனியால் உள்வட்டம் முழுக்கத் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டு பேரிங்கிலும் இப்படிச் செய்த பிறகே ஸ்பிண்டிலை நுழைக்க வேண்டும். பெரிய கியரையும் புல்லியையும் வழியில் கோத்துக்கொண்டு, கடைசிவரை உட்கார்ந்ததும் கம்பிகளை உருவுங்கள். ஸ்பிரிங் திரியை மேலே தள்ளும், "டக்" என்று லேசாகக் கைக்குத் தெரியும். அப்புறம் கிண்ணங்களை மாட்டி எண்ணெய் நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு, கையால் சுழற்றுங்கள். பேரிங் ஓரத்தில் எண்ணெய் ஈரம் கசிந்து தெரிந்தால் சரி.

எண்ணெய் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. ஸ்பிண்டிலுக்கு ஐஎஸ்ஓ 22 (எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் எண்) ஸ்பிண்டில் ஆயில், மொபில் வெலாசைட் 10 மாதிரி. பெட்டுக்கு ஐஎஸ்ஓ 68 வே ஆயில், வேக்ட்ரா 2 நன்றாக ஒட்டி நிற்கும். கார் எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் உள்ள டிடர்ஜென்ட் அழுக்கை அடியில் தங்கவிடாமல் மிதக்கவிடும். இங்கே அதை வடிகட்ட ஃபில்ட்டர் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தில் கிரீஸ் திணிப்பதும் கூடாது, திரியை அடைத்துவிடும்.

இனி மேம்படுத்தலாம்

பெல்ட்டுக்கு என் தேர்வு, காரில் ஓடும் வரிப் பெல்ட்டை வெட்டி, வழவழப்பான முதுகுப் பக்கம் புல்லியில் படும்படி போடுவது. முனைகளைச் சரிவாகச் சீவி, ஸ்பிண்டிலைச் சுற்றி வைத்தே ஒட்டிவிடலாம். தோல் பெல்ட்டைவிடச் சத்தம் குறைவு, இழுவையும் நன்றாக இருக்கிறது.

மூன்று ஃபேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் போடுகிறவர்கள் பழைய டிரம் ஸ்விட்சை (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கைப்பிடி ஸ்விட்ச்) இரண்டுக்கும் நடுவில் வைக்காதீர்கள். ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் விஎஃப்டி கெட்டுப்போகும். ஸ்விட்சை விஎஃப்டியின் கட்டுப்பாட்டு முனைகளில் இணைத்தால் போதும். விஎஃப்டி பெட்டியை இரும்புச் சீவல் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள். விஎஃப்டி வந்ததும் பேக் கியரை (ஸ்பிண்டிலின் வேகத்தைக் குறைக்கும் கியர் ஜோடி) மறந்துவிடவும் வேண்டாம். மோட்டாரை மிகவும் மெதுவாக ஓட்டினால் கிடைக்காத முறுக்கு பேக் கியரில் கிடைக்கும்.

வெட்டும் உளியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டில் ஏஎக்ஸ்ஏ அளவு இதற்குப் பொருந்தும். பிஸ்டன் வகையைவிட ஆப்பு வகையே வாங்குங்கள், விலை கூடினாலும் பிடிப்பு உறுதி.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

விஎஃப்டியில் ரிவர்ஸ் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சக்கில் வேலை வைத்துக் கடையும்போது கூடாது. இதில் சக் 1½ அங்குல, 8 டிபிஐ (அங்குலத்துக்கு 8 புரி) மரையில் திருகி மட்டுமே நிற்கிறது. எதிர்த்திசையில் ஓட்டினால் கழன்று மடியில் விழும். திடீர் பிரேக்கும் அதே ஆபத்துதான், நிற்கும் நேரத்தைச் சில வினாடிகளாக நீட்டி வையுங்கள்.

இன்னொருவருக்குச் சக் இறுகிக் கழலவில்லை. புல்லியைப் பெரிய கியரோடு இணைக்கும் பின்னையும் பேக் கியரையும் ஒன்றாகப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிக்கொண்டு சக்கை இழுத்துத் திருப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சந்தைக்கு வரும் பழைய லேத்துகளில் பேக் கியர் பல் உடைந்திருக்க இதுவே முக்கியக் காரணம். மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு மோட்டாரின் பிளக்கை உருவிவிட்டு, சக் தாடையில் நீளமான கம்பியைப் பிடிக்கவைத்து, பெல்ட்டைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியின் நுனியில் சுருக்கென்று ஒரு தட்டு தட்டுங்கள்.