ஜேர்மனியில் சைக்கிள் வாங்கி சுவிஸுக்குக் கொண்டுவருவது: வற் வரியும் சுங்கமும் படிப்படியாக

சுவிஸில் இருந்துகொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஜேர்மனியில் சைக்கிள் வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கடை, எந்த மாடல், உங்கள் உயரத்துக்கு எந்த அளவு என்பதெல்லாம் உங்கள் விருப்பம். வரிக் கணக்கும், எல்லையில் எதை முதலில் செய்ய வேண்டும் எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதும்தான் இங்கே விடயம். அந்த ஒழுங்கு மாறினால் திரும்பி வர வேண்டிய காசு வராது.

முதலில் ஒரு நல்ல செய்தி. 2024 ஜனவரி 1 முதல் சுவிஸ் தொழிற்சாலைப் பொருட்களுக்கான இறக்குமதித் தீர்வையை அடியோடு எடுத்துவிட்டது. சைக்கிளும் அதற்குள் அடங்கும். தைவானில் செய்ததா, சீனாவில் செய்ததா, ஜேர்மனியில் பூட்டியதா என்று நீங்கள் தலையை உடைக்க வேண்டியதில்லை, தீர்வை பூச்சியம். கட்ட வேண்டியது 8.1 வீத வற், அதாவது பெறுமதி சேர் வரி, மட்டும்தான்.

சரி, கணக்கு. கடையில் 1,190 யூரோ விலை போட்ட சைக்கிள் என்று வையுங்கள். அதற்குள் ஜேர்மன் வற் 19 வீதம் ஏற்கெனவே இருக்கிறது. பலபேர் 1,190இல் 19 வீதம் என்று போட்டு 226 யூரோ திரும்பி வரும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி வராது. 19 வீதம் போட்டது 1,000 யூரோவுக்கு மேல், அதனால் திரும்பி வருவது 190. சுவிஸ் வற்றும் அந்த 1,000க்குத்தான், ஆனால் பற்றுச்சீட்டில் ஜேர்மன் வற் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். காட்டப்படவில்லையென்றால் முழு 1,190க்கும் 8.1 வீதம் கேட்பார்கள். ஆக 81 யூரோ அளவில் இங்கே கட்டுகிறீர்கள், 190 அங்கே திரும்பி வருகிறது, மிச்சம் 109. ரயில் காசையும் ஒரு நாள் லீவையும் அதில் கழித்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். மலிவான சைக்கிளுக்கு இந்த அலைச்சல் பெறாது என்பது என் அபிப்பிராயம்.

படி 1: கடையில்

காசு கட்டுவதற்கு முன்பே "அவுஸ்ஃபூர்ஷைன் (ஏற்றுமதிச் சான்றுப் படிவம்) தருவீர்களா?" என்று கேளுங்கள். எல்லைப் பக்கத்துச் சனம் பச்சைத் துண்டு என்று சொல்வது இதைத்தான். வற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று கடைக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. கொன்ஸ்ரான்ஸ், வைல் அம் ரைன் மாதிரி எல்லை ஊர்களில் கேட்காமலே எடுத்து நீட்டுவார்கள், உள்ளே போகப் போகச் சில கடைகள் மாட்டேன் என்று விடும். பற்றுச்சீட்டு 50 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும், சைக்கிளில் அது பிரச்சினையே இல்லை.

படிவத்தில் பெயரும் முகவரியும் உங்கள் சுவிஸ் வதிவிட அட்டையில் உள்ளபடி ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கட்டும். நம் பெயர்கள் நீளம், முதற்பெயர் எது குடும்பப்பெயர் எது என்று கடைக்காரருக்குத் தெரியாது, அவர் ஏதோ ஒன்றைக் குறுக்கி எழுதிவிடுவார். அவர் எழுதட்டும் என்று விடாமல் பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள். பற்றுச்சீட்டில் சைக்கிளின் சட்ட எண்ணையும் (ஃபிரேம் நம்பர்) போடச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, சட்டத்தின் அடியில் குத்தியிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

படி 2: புறப்படுமுன் சுவிஸ் வற்

இதற்கு சுவிஸ் சுங்கத்தின் குவிக்சோல் என்ற செயலி இருக்கிறது. இலவசம்தான். யூரோவில் விலையைப் போட்டால் பிராங்கில் கணக்குப் பார்த்துத் தரும், எல்லையைக் கடக்கப்போகிற இரண்டு மணிநேர இடைவெளியைத் தெரிவுசெய்து வங்கி அட்டையில் கட்டிவிடலாம். கவுண்டரில் நின்று கட்டுவதை விட எனக்கு இதுதான் பிடிக்கும், பற்றுச்சீட்டு தொலைபேசியிலேயே கிடக்கும். ஆனால் ஜேர்மன் பக்கத்து வரிசை சனிக்கிழமையில் எவ்வளவு நீளும் என்று யோசித்து நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 150 பிராங் வரை வரியில்லையே, நாங்கள் வீட்டில் நாலு பேர், பிரித்துக் காட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியாது. தனிப்பொருள் ஒன்றே 150 பிராங்கைத் தாண்டினால் அதன் முழு விலைக்கும் வற் உண்டு. இந்த 150கூட 2025 ஜனவரியில்தான் வந்தது, அதற்கு முன் 300.

படி 3: ஜேர்மன் சுங்கத்தில் சீல்

இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பச்சைத் துண்டில் சீல் குத்துவது ஜேர்மன் சுங்கம், சுவிஸ் சுங்கம் இல்லை. நீங்கள் வெளியேறும்போது, பொருளைக் கண்ணால் காட்டி, வதிவிட அட்டையைக் காட்டி, பற்றுச்சீட்டையும் நீட்டினால்தான் குத்துவார்கள். சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஆற்றோரம், வயலோரம் சின்னச் சின்னக் கடவைகள் எல்லாம் அத்துப்படி. அந்த வழியால் வந்தால் அங்கே ஆளே இருக்காது. சுவிஸ் பக்கம் வந்தபின் திரும்பிப் போய்க் கேட்டால், வெளியேறியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள், வீண் வாக்குவாதம். ஜேர்மன் சுங்க இணையத்தளத்தில் அலுவலகம் தேடும் இடம் இருக்கிறது. எந்தக் கடவை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று அதில் பார்த்துவிட்டு, ஆள் நிற்கும் பெரிய கடவைக்கே போங்கள்.

அட்டை விடயத்தில் குழம்ப வேண்டாம், குடியுரிமை பார்ப்பதில்லை, எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் சுவிஸ் பி அல்லது சி அட்டையைக் காட்டினால் போதும். எஃப் அட்டைக்காரர்கள், அதாவது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள், நிலை வேறு. எல்லை தாண்டவே முன்கூட்டி அனுமதி வேண்டும் என்பதால், சுவிஸுக்கு அனுப்பித் தரும் கடையில் இணையத்தில் வாங்குவதுதான் அவர்களுக்கு நல்லது. அப்படி வாங்கும்போது நல்ல கடையென்றால் ஜேர்மன் வற்றை முதலிலேயே கழித்துவிடும், ஆனால் சுவிஸ் வற்றை அனுப்பும் கூலியையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள், அதற்கு மேல் கொண்டுவரும் நிறுவனம் சுங்கவேலைக் கட்டணம் ஒன்றும் கேட்கும். அந்தக் கட்டணம் எவ்வளவு என்று ஓர்டர் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீல் இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் கடைசி வழி பேர்னில் உள்ள ஜேர்மன் தூதரகம். பொருளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், கட்டணமும் உண்டு.

படி 4: காசைத் திரும்ப எடுப்பது

சீல் குத்திய துண்டைக் கடைக்குக் கொடுத்தால் 190 யூரோ உங்கள் கையில். தபாலில் அனுப்புவதென்றால் முதலில் படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, வாங்கிய மாதத்துக்குப் பிறகு வரும் மூன்றாம் மாதம் முடியுமுன் சைக்கிள் ஜேர்மனியை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். மார்ச்சில் வாங்கினால் ஜூன் 30 வரை.

பிறகு சேர்த்தது: வேகமான மின்சைக்கிள் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். 25 கிலோமீற்றர் வேகத்தோடு உதவி நிற்பதற்கு மேலே சொன்னதே போதும். 45 வரை ஓடுவதற்கு சுவிஸில் மஞ்சள் எண் தகடு வேண்டும், தகடு எடுக்க சுங்கத்தின் 13.20 ஏ படிவம் தேவை. ஆகவே அதைச் செயலியில் முடிக்காமல் நேரே சுவிஸ் கவுண்டருக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு சேர்க்கை, பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு. இந்தக் கணக்கை அங்கே பாவிக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து சைக்கிள் இறக்கினால் தீர்வை 14 வீதம். சீனத் தயாரிப்பென்றால் அதற்கு மேல் 48.5 வீதம் வரை பொருள்குவிப்பு எதிர்ப்பு வரி (அன்டி டம்பிங்), அதாவது அநியாய மலிவில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கிற வரி. சீனச் சைக்கிள்கள் வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வருகின்றன என்று சொல்லி 2013இல் அந்த வரியை இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனிசியாவிலிருந்து வருகிறவற்றுக்கும் நீட்டினார்கள், சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. இணையத்தில் அரைவிலைக்குச் சைக்கிள் காட்டுகிறவர்களிடம் எங்கே செய்தது என்று கேளுங்கள். அனுப்பும் கடை எந்த நாட்டில் இருக்கிறது என்பது இதில் உதவாது.

கடைசியாக, குவிக்சோல் பற்றுச்சீட்டையும் சட்ட எண் போட்ட கடைச்சீட்டையும் தொலைபேசியில் ஒரே இடத்தில் வைத்திருங்கள். பிறகு போடன்சே ஏரியைச் சுற்றி ஜேர்மனி, ஒஸ்ரியா வழியாக ஓடிவிட்டுத் திரும்பும்போது புதுச்சைக்கிளைக் கண்டு நிறுத்திக் கேட்டால் அதைக் காட்டலாம், விற்கும்போது வாங்குகிறவருக்கும் கொடுக்கலாம்.